கண்ணீர் அஞ்சலி பேனருக்குக் கீழே என் குரல்

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தால் அது ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன். எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். வருகிற வரைக்கும் வரட்டும்.

என் சின்ன மகனுக்கு நாற்பத்திரண்டு வயது. பகலில் ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிறான். மிச்ச நேரமெல்லாம் ராக் பாட்டு, ஹெவி மெட்டல் பாட்டு என்று செல்போன் முன்னால் உட்கார்ந்து அதன் சரித்திரத்தைப் பேசி வீடியோ போடுகிறான். அதில் யாரும் கவனிக்காத ஒற்றுமைகளையும் விசித்திரங்களையும் கண்டுபிடிப்பதுதான் அவன் வேலையாம்.

பூரணாங்குப்பத்து வீட்டு வாசலில் நான் மீன் அலசும்போது எனக்கும் சொல்வான். எந்தக் கோஷ்டியானாலும் பாடுகிறவன்தான் முதலில் சண்டை போட்டுக்கொண்டு போவானாம். மேளம் அடிக்கிறவன் நிலைக்கவே மாட்டானாம். இதோடு முடித்துக்கொள்கிறோம் என்று ஊர் ஊராகப் போய் கும்பிடு போடுவார்களாம், இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் வந்து நிற்பார்களாம். "எலெக்ஷன்ல தோத்தவனும் அப்படித்தான்டா" என்றேன். சிரித்தான். அதுவரைக்கும் எனக்கு அவன் பேச்சு பிடித்துத்தான் இருந்தது.

செலியமேட்டில் மீன் விற்க எனக்கு நாலு தெரு. முப்பது வருஷமாகப் பழகின வாடிக்கை. கூடையைத் தலையில் வைத்து நான் "சங்கரா, கிழங்கா, நெத்திலீ..." என்று கூவினால் அடுத்த தெருவில் அடுப்பை மூட்டுவார்கள். ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்தத் தெருவில் கருமாதி வரைக்கும் நான் கூவ மாட்டேன். வாயை மூடிக்கொண்டு நடந்துபோவேன், வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். கருமாதி முடிந்த மறுநாள் அந்த வீட்டில், அதுவரை விலக்கிவைத்திருந்த கவுச்சியை மறுபடியும் சேர்ப்பார்கள். அந்த முதல் மீன் என் கையால்தான் போகும். இத்தனை வருஷத்தில் ஒரு வீடும் தப்பியதில்லை. வேறு யார் கொடுத்தாலும் மீன்தான், ஆனால் துக்கத்தை முடித்துவைக்க என்னைக் கூப்பிடுகிறார்கள் என்பது என் கௌரவம்.

போன மாதம் அந்த நாலில் ஒரு தெருவில் ஒரு பெரிய விவசாயி காலமானார். வீட்டு எதிரில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்திருந்தார்கள். அன்று ஷேர் ஆட்டோ கிடைக்காமல் என் மகன்தான் பைக்கில் கொண்டுவந்து விட்டான். பேனரைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். நல்ல பிள்ளை, துக்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கருமாதி முடிந்த மறுநாள் நல்ல சங்கராவாகப் பொறுக்கி எடுத்துப் போனேன். செத்தவரின் மருமகள் வாசலிலேயே மறித்தாள்.

"மீன் வாணாம் ஆயா. விடியவே வாங்கிட்டோம்."

"யார்கிட்ட?"

"பைக்ல மீன் விக்க வர்றவருகிட்ட. எங்க மாமா படத்துக்குக் கீழ நின்னுக்கினு கூவுறியே, ஒனக்கு வாய் கூசல?"

செல்போனை நீட்டினாள். அவள் மாமனார் பேனர் பெரிசாக நிற்கிறது. பக்கத்தில் மண்டையோடு. பின்னால் கிதார் இரைச்சல். அதற்கு நடுவே என் குரல், சங்கரா, கிழங்கா என்று. எப்போதோ வேறொரு தெருவில் நான் கூவும்போது என் பின்னால் வந்து, என்னைக் கேட்காமல் பிடித்துவைத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து அவனைப் பிடித்தேன்.

"அம்மா, அது மரியாதைம்மா. மெட்டல்ல சாவுதான் பெரிய விஷயம். கறுப்பு பேக்ரவுண்டு, செவப்பு எழுத்து, செத்தவங்க மூஞ்சி. ஒலகம் பூரா கேசட் அட்டை அப்படித்தான் போடுறான். நம்ம ஊரு பேனரும் அச்சு அசல் அதான். இத யாருமே கவனிக்கல!"

"செத்தவர் மருமவ கவனிச்சிட்டாளேடா."

நான் விடவில்லை.

"அமெரிக்காவுல பருத்திக் காட்டுல வேல செஞ்ச கறுப்பு சனங்க பாட்ட எடுத்துக்கினு, வேற எவனோ தன் பேரப் போட்டுக்கினான்னு நீதானே அன்னிக்கி கண்ணு கலங்கிச் சொன்ன? என் குரலுக்குக் கீழ இன்னா எழுதியிருக்க, படி."

மெதுவாகப் படித்தான். "பாண்டிச்சேரித் தெருவில் கிடைத்த ஒரு மெட்டல் குரல்."

"தெருவுல கெடந்துச்சா? ஒங்கம்மா தொண்டையில இருந்து வந்துச்சுன்னு எழுதக் கை வரல?"

"போட்டா நீ திட்டுவியேன்னு..."

"இப்ப கொஞ்சுறேனா?"

மறுநாள் அவனை லீவு போடவைத்து செலியமேட்டுக்கு இழுத்துப்போனேன். செத்தவரின் மனைவி வெளியே வந்து உட்கார்ந்தாள். இவன் ஹெவி மெட்டல் எப்படிப் பிறந்தது என்று ஆரம்பித்தான். முதுகில் ஒன்று வைத்தேன். "தெரியாம பண்ணிட்டேம்மா, மன்னிச்சிடுங்க" என்றான்.

"அதப் போடு, பாக்கலாம்" என்றாள் அந்த அம்மாள். கடைசி வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு ரேடியோ சத்தமே ஆவாது. இந்தக் கூச்சல்ல கொண்டாந்து நிக்க வெச்சிருக்கியே தம்பி."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ கூவலன்னு எனக்குத் தெரியும்க்கா. பதினாறு நாளும் நீ வாய மூடிக்கினு போனத ஜன்னல் வழியா பாத்துக்கினுதானே இருந்தேன். புள்ளைங்க என்னக் கேக்காம வாங்கிப்புட்டுதுங்க. இன்னா பண்ண? இன்னிக்கி ரெண்டு சங்கரா குடு."

கொடுத்தேன். செதில் சீவி, குடல் எடுத்து, சுத்தமாகத்தான் கொடுத்தேன். ஆனால் அது இரண்டாம் நாள் மீன். அந்த வீட்டுத் துக்கத்தை முடித்துவைத்தது எவனோ ஒருவனின் மீன்.

தெருவைத் தாண்டியதும் மகன் சொன்னான். "வீடியோவ நெட்டுலேர்ந்து எடுத்துட்டேன்மா."

"அந்த வூட்டு மொத கவுச்சிய உன்னால எடுக்க முடியுமாடா?"

கூடையை என் தலையில் ஏற்றிவிடச் சொன்னேன். அடுத்த தெரு முனையில் நின்று எப்போதையும்விட ஓங்கிக் கூவினேன். அவன் கை தன்னையறியாமல் சட்டைப்பையில் இருந்த செல்போனுக்குப் போனது. திரும்பிப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டான்.