மாக்ரெட்டுக்குத் திருப்பிக் கொடுத்த சுருக்கங்கள்

கொட்டாஞ்சேனை றேமண்டின் ஸ்டூடியோவில் படமெடுத்தவர்கள், வீட்டிலிருந்து வந்ததிலும் பார்க்க இரண்டு மடங்கு வெள்ளையாகத்தான் சட்டத்துக்குள் போவார்கள். முதலில் முகத்துக்குப் பவுடர். பிறகு நேர் எதிரே விளக்கு. அதற்கும் தப்பிய சுருக்கங்களைக் கிளெமென்ற் பார்த்துக்கொள்வான். ஜன்னலோரச் சாய்வு மேசையில் கண்ணாடி நெகட்டிவை வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அவன் நிரப்பிய இடமெல்லாம் படத்தில் வெளுத்து வழவழப்பாக விழும். எட்டு வருடமாக அதே வேலை. அந்தோனியார் திருநாளில் கூட, முன்னால் நிற்பவரின் நெற்றிக் கோடுகளை அவன் விரல் தன்பாட்டில் காற்றில் நிரப்பிக்கொண்டிருக்கும்.

கமராவைத் தொட மட்டும் அனுமதியில்லை. 1938 இல் ஒருநாள், நீர்கொழும்பில் கலியாணப் படமெடுக்கப் புறப்பட்ட றேமண்ட் வாசலில் நின்று சொன்னார்:

"நாளைக்கு ஹாபர் சவுந்தரநாயகம் பெஞ்சாதியோட வருவார். கலியாணமாகி இருபத்தஞ்சு வருசமாம். நீயே எடு. அவையள் முகம் சுளிக்காட்டி இனிக் கமராவும் உன்ர கையில. சுளிச்சா, பென்சிலோட இரு. பிறகு என்னட்டக் கேக்காத."

மறுநாள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சவுந்தரநாயகம் பவுடர் டப்பாவைக் கண்டதுமே பின்வாங்கினார்.

"தம்பி, இதைப் பூசிக்கொண்டு றோட்டால போனா என்னை நாடகத்துக்கெல்லோ கூப்பிடுவாங்கள்."

"கூப்பிட்டாலும் ராசா வேசம் தரமாட்டாங்கள்" என்றாள் அவர் மனைவி மாக்ரெட்.

கிளெமென்றுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு விளக்கை அணைத்தான். எட்டு வருடம் ஜன்னலோரம் இருந்தவனுக்கு, பக்கவாட்டு வெளிச்சம் ஒரு முகத்தை என்ன செய்யும் என்று தெரியும். இருவரையும் ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்திப் படமெடுத்தான்.

நெகட்டிவைக் கழுவி, மாதிரிக்கு ஒரு படம் போட்டுப் பார்த்தான். சவுந்தரநாயகத்தின் ஒரு கன்னம் இருட்டு. மறு கன்னத்தில் வெயிலும் உப்புக்காற்றும் உழுத அத்தனை கோடும். அதில் பென்சில் வைக்க மனம் வரவில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பது பெண்பிள்ளை அல்லவா? எந்த ஸ்டூடியோவிலும் பெண்களுக்குப் பத்து வயது குறைத்துக் கொடுப்பதுதான் மரியாதை. ஒரு காலை முழுக்க இருந்து மாக்ரெட்டை மட்டும் நிரப்பினான்.

சனிக்கிழமை அவர்கள் வந்தபோது றேமண்டும் இருந்தார். மாக்ரெட் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இவர் இவர்தான். பக்கத்தில நிக்கிற பிள்ளை ஆர்?"

"எனக்கும் தெரியாது" என்றார் சவுந்தரநாயகம். "ஆனா வடிவான பிள்ளை."

"உங்கட வாயை மூடுங்கோ!" அவள் கிளெமென்றிடம் திரும்பினாள். "தம்பி, அஞ்சு பெத்து, ரெண்டைப் புதைச்ச முகம் இது. இருபத்தஞ்சு வருசமும் ரெண்டுபேரும் சேந்துதானே பட்டனாங்கள். அவருக்கு மட்டும் விட்டுட்டு எனக்கேன் அழிச்சனீங்கள்?"

றேமண்டின் முகம் இறுகியது. கமரா கைவிட்டுப் போனது என்றே கிளெமென்ற் நினைத்தான். ஆனாலும் அவள் கேட்டது நியாயம்.

"ஒரு மணித்தியாலம் இருங்கோ அக்கா."

பஞ்சில் டர்பன்டைன் தொட்டு, ஒரு காலை முழுக்கப் போட்ட பென்சிலை இரண்டே நிமிடத்தில் துடைத்தெடுத்தான். புதுப் படத்தை ஈரம் காயாமலே கொண்டுவந்து நீட்டினான். மாக்ரெட் படத்திலிருந்த தன் கண்ணோரக் கோடுகளுக்கு நேரே, படாமல், விரலைப் பிடித்தாள்.

"ஓம். இது நான்தான்."

அவர்கள் போன பிறகு றேமண்ட் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அந்த மனுசி முகம் சுளிச்சவ தானே?"

"சுளிச்சது என்ர பென்சிலுக்கு, முதலாளி. படத்துக்கில்லை."

 றேமண்ட் கமரா அறைப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்தார். "பவுடர் கேக்கிற ஆக்களை எனக்கு விடு."

ஜன்னல் வெளிச்சப் படம் என்றால் கிளெமென்ற்தான் என்று கொழும்பில் பேச்சாகிவிட்ட பிறகும், யாராவது பாராட்டினால் அவன் அந்தச் சனிக்கிழமையைச் சொல்லாமல் விட்டதில்லை. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் மாக்ரெட் வீட்டுக்குக் கேக்கோடு போவான். "என்னத்துக்குத் தம்பி இது?" என்று அவள் ஒவ்வொரு வருடமும் கேட்பாள்.

"நீங்கள் பேசாமப் படத்தைக் கொண்டு போயிருந்தா, அக்கா, நான் இண்டைக்கும் பென்சில்தான் சீவிக்கொண்டிருப்பன்."