அபிஷேகப்பாக்கத்தில் ஒரு வெற்றிடக் கசிவு

ஒன்பது வருடமாகத் தொடாத ஒரு கருவியைப் பார்க்கத்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் கூண்டுக்குள் உலோகத்தை ஆவியாக்கி, மெல்லிய படலமாகப் படியவைக்கும் கருவி அது. என் ஐந்து வருட ஆராய்ச்சி அதில்தான் நடந்தது. அப்பா படுக்கையில் விழுந்ததும் பாதியில் விட்டுவிட்டு விழுப்புரம் வந்தேன். இப்போது வங்கி வேலை. கருவி கைமாறி, அபிஷேகப்பாக்கம் பக்கம் ஒரு சிறிய கல்லூரிக்குப் போயிருந்தது. அங்கே லேப் பார்க்கும் ஜமீலா, பழைய பதிவேட்டில் என் எண்ணைப் பார்த்து அழைத்தார்.

"மேடம், வேக்குவமே ஏற மாட்டேங்குது. திங்கக்கிழம பழைய இரும்புக்குப் போட்டுடுவாங்க."

விழுப்புரத்தில் 7.10க்குப் பாண்டிச்சேரி பஸ். வில்லியனூர் வரை முப்பது கிலோமீட்டருக்குள்தான், 8.05க்கு இறங்கினேன். மார்க்கெட் பக்கம் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஒன்பது கிலோமீட்டர், 220 ரூபாய்.

"காலேஜில இன்னா வேல, பொண்ணுக்கு அட்மிஷனா?" என்றார் ஓட்டுநர்.

"ஒரு மிஷினைப் பார்க்கணும்."

"ரிப்பேரா? அப்ப திரும்ப நேரமாவும்" என்றார். இரண்டு பக்கமும் நெல் வயல்.

ஜமீலாவுக்கு முப்பது வயதிருக்கும். வில்லியனூரில் அவர் வீட்டுக்காரர் துணிக்கடை வைத்திருக்கிறார். லேப் கதவைத் திறந்ததும் பம்பு எண்ணெயின் வாசனை முதலில் வந்தது. கூண்டின் மேல் கையை வைத்தேன். ஜமீலா மின்விசிறியைப் போட்டார்.

பம்பை ஓட்டினோம். அழுத்தமானியின் முள் பாதி வழியில் நின்றுவிட்டது. எங்கோ காற்று உள்ளே போகிறது. பஞ்சில் அசிட்டோன் நனைத்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டு வந்தேன். கசிவு இருக்கும் இடத்தில் அசிட்டோன் ஆவி உள்ளே போய் முள்ளை ஆட்டிவிடும். ஆறு இணைப்பு வரை அசைவில்லை. ஏழாவது, மின்கம்பி அடித்தட்டுக்குள் நுழையும் இடம்.

"மேடம், குதிக்குது! குதிக்குது!"

ரப்பர் வளையம் வெடித்திருந்தது. நான் கொண்டுபோனதில் ஒன்று பொருந்தியது. மிச்சக் காற்றை இழுக்கும் இரண்டாவது பம்பின் எண்ணெய் சூடாவதற்குள் ஜமீலா கொண்டுவந்த தேங்காய்ச் சோற்றைப் பகிர்ந்துகொண்டோம். சாப்பிடும்போதே முள் கீழே போய்விட்டது.

டங்ஸ்டன் கம்பிச் சுருளில் அலுமினியத் துண்டுகளை மாட்டி, படலம் படிய அதன் மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைத்திருந்தோம். மின்னோட்டத்தைக் கூட்டினேன். சுருள் சிவந்து, வெளுத்தது. அலுமினியம் உருகிச் சுருளோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த நொடி கூண்டு முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடியாகி, அதில் எங்கள் இரண்டு முகமும் தெரிந்தது.

"அல்லாவே!" என்றார் ஜமீலா. உடனே முதல்வருக்குப் போன் செய்தார். பேசி முடித்ததும் சிரித்தார். "இரும்புக்கடக்காரர வர வாணாம்னு சொல்லிட்டாராம்."

வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால் நான்கு ஊசி வைத்துப் படலத்தின் மின்தடையை அளந்தபோது, நடுவில் இருப்பதைவிட ஓரத்தில் இரண்டு மடங்கு இருந்தது. கண்ணாடித் துண்டைச் சுருளுக்கு மிக அருகில் வைத்திருக்கிறோம். தூக்கி வைத்தால் சீராகப் படியும்.

"நீங்க ஏன் மேடம் இத வுட்டுட்டுப் போனீங்க?" என்று ஜமீலா கேட்டார்.

அப்பாவின் நோயைச் சொன்னேன். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

என்னைப் போல, விட்டுவந்த கருவியைத் தேடிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முன்பே போன் செய்துவிடுங்கள். ரப்பர் வளையங்களை எல்லா அளவிலும் எடுத்துப் போங்கள், அங்கே கிடைக்காது. பருத்தி உடை நல்லது. திரும்பி வர மட்டும் டிக்கெட் போட்டு வைக்காதீர்கள். வில்லியனூரில் எனக்கு 4.20க்கு ரயில் இருந்தது. அந்த நேரத்தில் நான் அடுத்த கண்ணாடித் துண்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.