கொண்டியை நீக்கிய கை

கேட்டைத் திறந்துவிட்டது நான்தான். மாமா அல்ல.

இதை நான் என் மனைவியிடம் சொல்லவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். கோழைக்கு இதுதானே வசதி!

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நம்புங்கள். ஒரே ஒரு கேள்வி... எங்கள் வீட்டு நாய் தனியாகப் போனால் எங்கே போகும்?

அதன் பெயர் டைகர். பெயர்தான் அப்படி, பக்கத்து வீட்டுப் பூனை முறைத்தால் என் கால்களுக்கு நடுவில் வந்து ஒளிந்துகொள்ளும். செம்பழுப்பு நிற நாட்டு நாய். என் மனைவியின் அப்பா குட்டியிலிருந்து வளர்த்தது. மாமி காலமானபின் மாமா எங்களோடு இருக்கப் பாளையங்கோட்டைக்கு வந்தபோது, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் இதன் சங்கிலியுமாகத்தான் வந்து இறங்கினார்.

மாமா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாபக சக்தியில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பாபநாசம் தொடங்கிப் புன்னக்காயல் வரை எந்த ஊரைச் சொன்னாலும் சட்டென்று பின்கோடு சொல்வார். என் மகள் சாப்பிட உட்கார்ந்தால் ஊர்ப் பெயராகக் கேட்டுக்கொண்டே இருப்பாள். தாத்தாவை மடக்க முடிந்ததே இல்லை.

விடியற்காலையில் அவர் டைகரை நடத்திக்கொண்டு போவார். சில நாள் நானும் கூடப் போவேன். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வந்ததும் அது இடப்பக்கம் இழுக்கும். மழையோ வெயிலோ, அதே இடம், அதே இழுப்பு! அங்கே என்ன இருக்கிறது? பெட்டை நாயா? கறிக்கடையா? நம் மூக்குக்கு எட்டாத வேறு ஏதாவதா?

"அது இழுக்க பக்கமெல்லாம் போனா நாம வீடு வந்து சேர மாட்டோம், மாப்ள" என்று சிரித்தபடி மாமா அதை வலப்பக்கம் திருப்பிவிடுவார்.

சங்கிலியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போயிருக்கலாமே என்பீர்கள். மாமா ஊரில் இல்லாத ஒரு நாள் அதையும் செய்தேன். கொஞ்ச தூரம் இழுத்துப் போன நாய், நின்று, திரும்பி என் முகத்தைப் பார்த்தது. நான் கூட இருக்கும்வரை அது காட்டிக்கொடுக்காது என்று தோன்றியது. அதன்பிறகு என் ஆர்வம் இரண்டு மடங்காயிற்று!

அந்தச் சமயத்தில்தான் அதற்குச் சிப் பொருத்தினோம். நாய் தொலைந்தால் அடையாளம் காணலாம் என்று யாரோ சொல்ல, மாமா விரும்பினார். கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனது நான். கழுத்துத் தோலுக்கு அடியில், அரிசிமணி அளவில் ஒன்றை ஊசியால் செலுத்தினார். ஏதேதோ விளக்கவும் செய்தார். நான் கைபேசியில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் அலுவலகத்தில் ஒரு நண்பன், "இனிமே நாய் எங்கன போனாலும் போன்லயே தெரியும்லா!" என்றான். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

இப்போது புரிகிறதா...?

அன்று காலை மாமா டைகரோடு திரும்பி வந்தார். கேட்டைச் சாத்தினார். கொண்டியைப் போட்டார். போட்டதை ஒருமுறை அசைத்தும் பார்த்தார். மாடியில் நின்று என் கண்ணால் பார்த்தேன்! அவர் உள்ளே போனதும் பைய இறங்கி வந்து, அந்தக் கொண்டியை நீக்கினேன்.

டைகர் என்னை ஒரு தரம் பார்த்தது. பிறகு போயிற்று. ஓடவில்லை, வேலைக்குப் போகிறவனைப் போல நடந்து போயிற்று. தண்ணீர்த் தொட்டியில் இடப்பக்கம் திரும்பியபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. அவசரமாகக் கைபேசியைத் திறந்தேன்.

சிப்பைப் பதிவு செய்த பக்கத்தில் என் பெயர் இருந்தது. என் எண் இருந்தது. வேறொன்றும் இல்லை. வரைபடம் எங்கே? நாய் எங்கே? மருத்துவரை அழைத்தேன்.

"சார், அதுல பேட்டரியே கிடையாது. யாராவது நாயப் புடிச்சிக் கொண்டாந்து, மேல கருவிய வச்சாத்தான் நம்பர் தெரியும். அன்னைக்கே சொன்னேம்லா?"

ஓடினேன். தெருத்தெருவாகப் பெயர் சொல்லிக் கத்தினேன். எங்கும் இல்லை.

திரும்பி வந்தபோது மாமா கேட்டருகே நின்று கொண்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்பா, நீங்கதான கடைசியா வந்தீய?" என்று என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் வந்தேன்... கொண்டி போட்டேனே. போட்ட மாதிரிதான் ஞாபகம்..." அவர் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க மாடில நின்னியளே. நான் போட்டதப் பாத்தியளா?"

பார்த்தேன் என்று சொன்னால், அப்படியானால் யார் திறந்தது என்ற கேள்வி வரும்.

"கவனிக்கலையே, மாமா" என்றேன்.

நாயைத் திறந்துவிட்டது மூடத்தனம். அதை நானே மன்னித்துவிடுவேன். ஆனால் இந்தப் பதிலை...?

அன்றிலிருந்து மாமா தன்னை நம்புவதை விட்டுவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை போய்ப் பார்த்தார். தனியாக வெளியே போவதை நிறுத்தினார். பயந்துபோய் மருத்துவரிடம் காட்டினோம். வயதுக்கு நன்றாகவே இருக்கிறார் என்றார். "அவருக்கு என்ன தெரியும்? நாயத் தொலைச்சவன் நாம்லா" என்றார் மாமா.

ஒருநாள் மகள், "சீவலப்பேரி?" என்று கேட்டாள். "போன்ல பாரும்மா. நான் தப்பாச் சொல்லிருவேன்" என்று தலை குனிந்துகொண்டார். ஆனால் அவர் உதடுகள் எண்களை முணுமுணுத்தன. பிறகு தனியே கைபேசியில் பார்த்தேன்... சரியான எண்கள்!

ஒரு மாதத்துக்கும் மேலாயிற்று. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. முறப்பநாட்டுப் பக்கம் ஒரு வாழைத்தோட்டக்காரர், கால் நொண்டிய நாயொன்றை வைத்தியத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறார். அங்கே கருவியை வைத்துப் பார்த்தபோது என் பெயர் வந்திருக்கிறது.

நான் போய்க் கூட்டி வந்தேன். காரிலிருந்து இறக்கியதும் டைகர் நொண்டிக்கொண்டே மாமாமேல் பாய்ந்தது. மாமா குழந்தைபோல் அழுதார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அந்தச் சிப்ப வச்சதுனாலதான மாப்ள... நான் தொலைச்சத நீங்க கொண்டாந்துட்டிய!"

அப்போது சொல்லியிருக்கலாம். நாய்தான் வந்துவிட்டதே! சற்று நேரம் திட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த முகத்தில் அத்தனை நன்றி... சொல்ல மனம் வரவில்லை. இல்லை, அந்த நன்றி எனக்குப் பிடித்திருந்ததா? அதையும் கேட்டுப் பார்க்கிறேன். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சங்கிலியை அவரிடம் நீட்டினேன். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம், மாப்ள. என் கைல குடுக்காதிய."

இப்போது விடியற்காலையில் டைகரை நடத்திப் போவது நான். மாமா கேட்டுக்கு உள்ளே நின்று, நாங்கள் தெருமுனை திரும்பும்வரை பார்ப்பார். தண்ணீர்த் தொட்டியில் அது இன்னமும் இடப்பக்கம்தான் இழுக்கிறது. அங்கே என்ன இருக்கிறது? முறப்பநாடு வரை எதைத் தேடிப் போயிற்று? என் பாழும் மனம் இன்னமும் கேட்கிறது, பாருங்கள்! இத்தனை செய்தும் அது எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து கொண்டியைப் போடுவேன்.

"போட்டாச்சா, மாப்ள?"

"போட்டாச்சு, மாமா."

கொண்டியை அசைத்துப் பார்க்க அவர் வருவதில்லை. "நீங்க சொன்னா சரிதான்" என்று உள்ளே போய்விடுகிறார்.