பாதி முடிவெட்டும் தீயணைப்புப் படையும்

இன்று பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தவரைப் பார்த்ததும் என் கை தானாகத் தலையைத் தடவியது. ஹான்ஸ். ஒரு காலத்தில் எனக்கு முடிவெட்டியவர்.

எழுபதுகளின் தொடக்கம். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் நான் ஆராய்ச்சி மாணவன். அறை கிடைத்ததோ பக்கத்துக் கிராமத்தில்; இன்றும் அங்கேதான் இருக்கிறேன். வாய்மொழித் தேர்வன்று காலை ஹான்ஸின் கடைக்குப் போனேன். இடது பக்கம் வெட்டி முடித்தார், சைரன் ஊதியது.

அந்த ஊரில் தீயணைப்புப் படை என்றால் சம்பளமில்லாத ஊர்க்காரர்கள்தான். ஹான்ஸ் கத்தரியைப் போட்டுவிட்டு ஓடினார். எதிர்க்கடை ரொட்டிக்காரர் மாவுக் கையோடு ஓடினார். கழுத்தில் துணியோடு நான் மட்டும் மிச்சம். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, அப்படியே தேர்வுக்குக் கிளம்பினேன்.

பேராசிரியரும் அதே மாதிரி ஒரு கிராமத்துக்காரர். என் தலையை இரண்டு பக்கமும் பார்த்தார். முதல் கேள்வி: "தீ அணைஞ்சுதா?"

தெரியாது என்றேன். அன்று எனக்கு விடை தெரியாத கேள்வி அது ஒன்றுதான்.

"பரீட்சை நாளும் அதுவுமா பாதியிலே விட்டுட்டுப் போனீங்களே!" என்று இன்றும் ஹான்ஸிடம் குறைபட்டுக்கொண்டேன்.

"மாட்டுக் கொட்டகையே எரிஞ்சும் ஒரு கன்னுக்குட்டிக்குக்கூட ஒண்ணும் ஆகலையே!" அதே பழைய பெருமை. பிறகு என் வழுக்கையை நிதானமாகப் பார்த்தார்.

"இனிமே சைரன் அடிச்சாலும் உங்களுக்குக் கவலையில்லைங்க."

பேருந்தே சிரித்தது. நீங்களும் சிரிக்கலாம், தலையில் முடி இருப்பவர்கள் மட்டும் ஆதாரமாகத் தங்கள் படத்தைப் பின்னூட்டத்தில் போட்டுவிட்டுச் சிரிக்கவும்.