அரைச்சுற்று மெக்கானிக்

பட்டறையில் அவருக்கு அரைச்சுற்று என்றுதான் பெயர். எந்த வண்டி வந்தாலும் டர்போவில் ஒரு நட்டை அரைச்சுற்று திருகிவிட்டு, "இப்ப ஓட்டிப் பாரு, பறக்கும்" என்பார். காலமெல்லாம் இந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டுதான் மனுஷனுக்கு அத்தனை தலைக்கனம்.

வித்தையாவது பெரிய வித்தையா என்றால் அதுவும் இல்லை. டர்போ என்பது எஞ்சின் புகையின் வேகத்திலேயே சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாமான். பழைய டர்போவில், புகை சுற்றிவிடும் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. காற்றழுத்தம் அளவு மீறினால் ஒரு கம்பி அந்தக் கதவைத் திறக்கும். மிச்சப் புகை சக்கரத்தைத் தொடாமலே வெளியே போய்விடும். நட்டைத் திருகிக் கம்பியை இறுக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும், அழுத்தம் கூடும். இதற்குத்தான் இவ்வளவு அலட்டல்.

கல்யாணத்தன்று இவர் மாப்பிள்ளையை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டியதிலிருந்து மகள் இந்த வாசலை மிதிக்கவில்லை. இப்போதுதான் மனமிறங்கி, புருஷனோடு புது வண்டியில் வந்திருந்தாள். "இந்தத் தடவையாவது வாயையும் கையையும் வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று மனைவி காலையிலேயே சொல்லிவைத்திருந்தாள்.

வண்டி நின்றதும் நிற்காததுமாக பானெட்டைத் தூக்கிவிட்டார். மாப்பிள்ளை பதறி ஓடிவந்தான்.

"மாமா, இதுல அந்தக் கதவே கிடையாது. சக்கரத்தைச் சுத்தி குட்டித் தகடுங்க இருக்கு. மெதுவாப் போறப்போ தகடு நெருங்கி வழியைக் குறுக்கும், புகை வேகமாப் பாயும். வேகம் கூடுனா விரிஞ்சுக்கும். கம்ப்யூட்டர் பாத்துக்கும். தயவுசெஞ்சு கை வைக்காதீங்க."

"தெரியும், தெரியும்" என்றார். ஒரு மண்ணும் தெரியாது.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கண்ணயர்ந்ததும் ஸ்பேனரோடு பூனை மாதிரி வெளியே வந்தார். தகடுகள் ஓரளவுக்கு மேல் மூடாதபடி தடுத்து நிறுத்தும் திருகு ஒன்று இருந்தது. தொடாதே என்பதற்காகவே கம்பெனிக்காரன் அதன்மேல் மஞ்சள் பெயிண்ட் வைத்திருந்தான். அவருக்கு எல்லாத் திருகும் ஒன்றுதான். பெயிண்டை உடைத்து அரைச்சுற்று சுற்றினார்.

சாயங்காலம் மகளும் மாப்பிள்ளையும் திரும்பிப் போகும் வழியில், மேட்டில் ஏறும்போது தகடுகள் தேவைக்கு மேல் நெருங்கின. அழுத்தம் எகிற, எஞ்சின் கெட்டுவிடாமலிருக்க கம்ப்யூட்டர் அதன் சக்தியைக் குறைத்துவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்து மானத்தை வாங்க, புது வண்டி நத்தையாக ஊர்ந்தது. மறுநாள் சர்வீஸ் சென்டரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, வண்டில கை வச்சீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பொறுத்துப்போயிருப்பாள்.

"நானா? சேச்சே. உன் புருஷனுக்கு ஓட்டத் தெரியலம்மா."

"பெயிண்ட் உடைஞ்சிருக்குப்பா" என்றாள். சண்டை போடவில்லை. போனை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு அவள் வரவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி துணிப்பையை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். இவரும் சட்டையை மாட்டினார்.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"பொண்ணப் பாக்க வேணாமா?"

"உங்களக் கூப்பிடல" என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கினாள்.