தலை தட்டி ஒரு கரண்டி

முக்கூடல் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் எங்கள் பள்ளிக்கூடம். ஏழு வருஷமாக அங்கே ஒன்றாம் வகுப்பு டீச்சர் நான். கூட, குறைய, சமம் என்ற பாடம் புத்தகத்தில் ஒரே பக்கம்தான். இரண்டு கூடை, கொஞ்சம் மாம்பழம், எதில் கூட இருக்கிறது என்று ஒரு கேள்வி. படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சரியாகத்தான் சொல்லும். ஆனால் ஏழு புளியங்கொட்டையை இடைவெளி விட்டு நீளமாக வைத்து, பக்கத்தில் ஒன்பதை நெருக்கி வைத்துக் கேட்டால், நீளமான வரிசையைத்தான் காட்டும். அதனால் நான் புத்தகத்தை மூடிவிட்டு எல்லாவற்றையும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவேன். ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்த்து, மிஞ்சுகிற இரண்டைத் தொட்டுப் பார்த்தபிறகு அதுகளை யாரும் ஏமாற்ற முடியாது.

ஒரு வருஷம் புளியங்கொட்டையை விட்டு மணலுக்கு வந்தோம். இரண்டு வாளி, இரண்டு சிரட்டை. ஒருத்தன் சிரட்டையைக் கோபுரமாகக் குவித்துக் கொட்டினான். இன்னொருத்தி விளிம்போடு வழித்துக் கொட்டினாள். ஆளுக்கு ஐந்து சிரட்டை, ஆனால் அவன் வாளியில் மணல் மேலே நின்றது. "எப்படிலே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சண்டை போட்டு அவர்களே கண்டுபிடித்தார்கள். அன்று முழுக்க வகுப்பில் யார் எதை அள்ளினாலும், "தலை தட்டு! தலை தட்டு!" என்று ஒரே கூச்சல்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு வரிசையிலிருந்து ஒரு பிள்ளை தட்டோடு என்னிடம் வந்தாள். காலனியிலிருந்து வருகிறவள், அதிகம் பேசமாட்டாள்.

"டீச்சர், எங்களுக்குத் தலை தட்டிப் போடுதாவ. அவங்களுக்குக் குமிச்சுப் போடுதாவ."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. கணக்குக்கு விடை சொல்கிற மாதிரி சொன்னாள். நான் திரும்பிப் பார்த்தேன். சமையல்காரம்மா ஊர்த் தெருப் பிள்ளைகளுக்குக் கரண்டியைக் குவித்துப் போட்டார். காலனிப் பிள்ளை வந்ததும் கரண்டியை அண்டா விளிம்பில் ஒரு தட்டு தட்டினார். மேலே இருந்த சோறு உள்ளே விழுந்தது. அடுத்த பிள்ளைக்கும் ஒரு தட்டு. முகத்தில் ஒன்றுமே இல்லை, கை பழகிப் போயிருந்தது.

இரண்டு பக்கத்துப் பிள்ளைகளிடமும் ஆளுக்கொரு தட்டு வாங்கிப்போய் வகுப்பில் வைத்து டம்ளரால் அளந்தேன். ஊர்த் தெருப் பிள்ளையின் தட்டில் மூன்று டம்ளர். காலனிப் பிள்ளையின் தட்டில் இரண்டுக்கும் குறைவு.

"சின்னப் பிள்ளைய டீச்சர், அம்புட்டுதான் சாப்பிடும்" என்றார் சமையல்காரம்மா.

"அந்தப் பிள்ளைகளும் அதே வயசுதானே?"

அவர் அண்டாவைக் கழுவப் போய்விட்டார். ஹெட்மாஸ்டரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "கணக்குச் சொல்லிக் குடுக்கச் சொன்னா நீங்க ஊர் வழக்கை இழுக்குதீங்க. பைய பேசுங்க, வெளியே கேட்கும்" என்றார். வெளியே கேட்கட்டும் என்று கத்தினேன். வாழ்க்கையில் ஒரு ஆண்பிள்ளையிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல்தடவை.

மறுநாள் கரண்டியை நானே வாங்கினேன். அடிஸ்கேலால் ஒவ்வொரு கரண்டியையும் வழித்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி போட்டேன். பத்தாதவர்கள் மறுபடி வரலாம் என்று சொல்லித்தான் போட்டேன். அன்று சாயங்காலமே ஊர்த் தெருவிலிருந்து நாலு அம்மாக்கள் வந்து நின்றார்கள். "எங்க பிள்ளைக்குச் சோத்தைக் குறைச்சுட்டீங்களாமே?" சமமாகப் போட்டதுதான் அவர்களுக்குக் குறைவு. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

கல்வி ஆபீசுக்குப் புகார் எழுதிப் போட்டேன். ஒரு அதிகாரி வந்தார். அன்று எல்லாத் தட்டிலும் சோறு குவிந்திருந்தது. அவரும் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். ஹெட்மாஸ்டர் என் மணல் வாளிகளை எடுத்து மரத்தடியில் போடச் சொன்னார். போடமாட்டேன் என்றேன். அதற்கப்புறம் தினமும் மத்தியானம் அண்டா பக்கத்திலேயே நிற்க ஆரம்பித்தேன். நான் நின்றால் கரண்டி ஒழுங்காக விழும். லீவு போட்ட நாளில் என்ன ஆனது என்று மறுநாள் பிள்ளைகளிடம் கேட்பேன். அவர்கள் ஒன்றும் மறைக்காமல் சொல்லுவார்கள். மூன்றுதடவை அப்படிக் கேட்டு, மூன்றுதடவையும் போய்ச் சண்டை போட்டேன். நாலாவதுதடவை, எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போட்டாவ என்று சொன்னார்கள். சமையல்காரம்மாவுக்குப் பயமோ, சலிப்போ, எதுவாக இருந்தால் என்ன.

முதலில் தட்டோடு வந்து சொன்ன பிள்ளையின் அம்மா ஒருநாள் வந்தார். பீடி சுற்றுகிறவர், விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"எம் மூத்தவளும் ஒங்ககிட்டதான் டீச்சர் படிச்சா. அப்பவும் சோறு போடும்போது நீங்க அங்கனதான இருந்தீங்க?"

"நான் கவனிக்கலைம்மா."

"நாங்க கவனிச்சோம்" என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தார். அவ்வளவு நாளும் சமையல்காரம்மா மேலும் ஹெட்மாஸ்டர் மேலும் எரிந்துகொண்டிருந்த எனக்கு, அன்று பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.