காயத்தைக் காட்டச் சொன்னார்கள்

போன வருடம், சோளகக் காற்று ஓயத் தொடங்கிய நாட்களில், தம்பியின் மகளான என் பெறாமகளின் கலியாணத்துக்காக நான் புதுச் சப்பாத்து வாங்கினேன். யாழ்ப்பாணத்து மண்டபம் ஒன்றின் வாசலில் காலையிலிருந்து மாலைவரை அதைப் போட்டுக்கொண்டு நின்று, வந்தவர்களையெல்லாம் கைகூப்பி வரவேற்றேன். வீட்டுக்கு வந்து கழற்றினால் காலுறை சிவப்பாக இருந்தது. பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஐந்து ரூபாய்க் குத்திக் காசு அளவுக்குத் தோல் இல்லை. எனக்கு வலிக்கவேயில்லை. பல வருடத்துச் சீனி வருத்தம் காலின் உணர்ச்சியை எப்போதோ தின்று முடித்திருந்தது.

நான் ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் வேலைபார்த்துப் பென்சனோடு இளைப்பாறியவன். எந்தச் சுற்றுநிருபம் எதை ரத்துச் செய்தது என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். காயம் அதை மதிக்கவில்லை. மாதக்கணக்கில் மருந்து கட்டியும் மூடாமல், அகன்று ஆழமாகியது. இப்படியே போனால் முன்பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னார். அவர்தான் அந்தப் பிள்ளையை அறிமுகப்படுத்தினார்.

அவள் ஒரு பொறியியலாளர். என் மகளை விட வயதில் குறைந்தவள். காயத்தின்மேல் ஒரு கறுத்த பஞ்சு வைத்து, அதன்மேல் காற்றுப் புகாத படலம் ஒட்டி, ஒரு சிறிய பம்பினால் உள்ளேயிருக்கும் நீரை இடைவிடாமல் உறிஞ்சி எடுத்தால் சதை வேகமாக வளருமாம். ஆஸ்பத்திரி வாட்டில் அதற்கு ஓர் இயந்திரம் உண்டு. அதைப் பூட்டினால் கட்டிலோடு கிடக்க வேண்டியதுதான். இவள் அதையே காலில் அணிந்துகொண்டு நடமாடும்படி சின்னதாகச் செய்திருந்தாள். பரிசோதனைக்கான அனுமதிகள் எல்லாம் சரியா என்று நான் ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தேன். பழக்கதோஷம். ஒன்றும் பிழையில்லை என்பது சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முதல் மாதிரியில் பம்புக்கும் கட்டுக்கும் இடையே ஒரு குழாய் இருந்தது.

"உடுத்திற சாரத்திலை கொழுவுதோ ஐயா?" என்று கேட்டாள்.

"சாரத்திலை கொழுவுது, கதவிலை கொழுவுது, நேற்றுப் பூனையும் ஒருக்கா இழுத்துப் பாத்தது."

அடுத்த முறை குழாயே இல்லை. தீப்பெட்டி அளவு பம்ப், கணுக்காலில் ஒரு பட்டியாக, கட்டோடு ஒன்றாகிவிட்டது. வியர்வையும் தண்ணீரும் புகாதபடி மின்சுற்று முழுவதையும் சிலிக்கோனில் புதைத்திருந்தாள். காயத்து நீர் பம்புக்குள் ஏறாமல் ஒரு வடிகட்டியும் இருந்தது. எங்கள் கிணற்று நீர், கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் சுண்ணாம்பாகப் படிகிற நீர். அதை ஒரு வாளியில் அள்ளி, பம்பை உள்ளே அமிழ்த்தி, வெயிலில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தாள். என் மனைவி வாளிக்குள் காதைக் கொடுத்துக் கேட்டு, "உது இன்னும் மூச்சு விடுது பிள்ளை!" என்றாள்.

அதைக் கட்டி இரண்டு வாரத்தில் காயத்தின் அடியில் இளஞ்சிவப்பாகச் சதை எழும்பியது. தாதி கட்டு மாற்றும்போது நானே கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். விதி ஒன்றே ஒன்றுதான்: தாதி தவிர வேறு யாரும் படலத்தைத் திறக்கக் கூடாது. திறந்து உறிஞ்சல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சாதாரணக் கட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் மூடிக்கிடக்கும் ஈரத்தில் கிருமி பெருகும். இதை மனைவிக்கு வாசித்துக் காட்டி, திருப்பிச் சொல்லவும் வைத்தேன்.

ஆனால் எங்கள் ஊரில் வருத்தம் பார்க்க வருகிறவர்கள் ஆளைப் பார்க்க வருவதில்லை, காயத்தைப் பார்க்க வருகிறார்கள். சீனி வருத்தக்காரனுக்குக் கேக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஒருக்காத் திறந்து காட்டுங்கோவன் அண்ணை" என்பார்கள். கனடாவிலிருந்து மச்சாள் வீடியோவில் வந்து, "கமராவைக் கொஞ்சம் கீழை பிடியுங்கோ அத்தான்" என்றாள். ஒருவருக்கும் நான் காட்டவில்லை. "பென்சன் எடுத்தும் உவற்றை எடுப்புக் குறையேல்லை" என்று ஒருவர் வாசல் படலையடியில் சொன்னது தெளிவாகவே கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் டொக்டர் வந்தார். நான் சேவையிலிருந்த காலத்தில் எனக்கு மேலே இருந்தவர், அவரும் இளைப்பாறிவிட்டார். இன்று பெரிய கதிரைகளில் இருக்கும் வைத்தியர்கள் பலர் அவருடைய மாணவர்கள். அவர் அறைக்குள் வந்தபோது, கட்டுக் காலோடு நான் எழும்பி நின்றேன்.

"என்ன காணும், காலிலை என்ன பூட்டி வைச்சிருக்கிறீர்?"

விளக்கினேன். திறக்கக் கூடாது என்பதையும் சொன்னேன்.

"எனக்கோ சொல்லுறீர்?" என்று சிரித்தார். "ஒரு மூலை மட்டும்." அதைச் சொல்லும்போதே அவருடைய நகம் படலத்தின் விளிம்பைக் கிளப்பியிருந்தது.

பம்ப் மூச்சுத் திணறியது. சிவப்பு வெளிச்சம் மின்னி, கீச்சென்று சத்தம் போட்டது.

"உந்தச் சத்தத்தை முதலிலை நிப்பாட்டும்."

நிறுத்தினேன். அவர் குனிந்து பார்த்து, மணந்து பார்த்து, "வடிவாத்தானே ஆறுது. உதுக்கேன் விளையாட்டுச் சாமான்?" என்றார். படலத்தைத் திரும்ப அழுத்தி, மேலே இரண்டு துண்டு பிளாஸ்டர் ஒட்டினார். "திங்கள் வரைக்கும் இப்பிடியே இருக்கட்டும். நான் வாட்டுக்குச் சொல்லிவிடுறன்."

அவர் படலையைத் தாண்டுவதற்குள் பம்ப் மறுபடி கத்தியது. சத்தத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். மறுபடி கத்தியது. மனைவி சொன்னாள்: "இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளைக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுப்பமே?"

"டொக்டர் சொல்லிப்போட்டுப் போறார். அதுக்கு மேலை ஒரு சின்னப் பிள்ளையைக் கேக்கிறதோ?" என்று சொல்லி, மின்கலத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். வீடு அமைதியானது.

ஞாயிறு பின்னேரம் குளிரும் காய்ச்சலும். செவ்வாய் காலையில் முன்பாதத்தை எடுத்துவிட்டார்கள். வாட்டுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பிள்ளை வந்து, கழற்றிய பம்பை வாங்கி, மின்கலத்தைப் போட்டாள். உடனே ஓடியது. உள்ளே ஒரு துளி ஈரமில்லை. காலைத் தவிர மற்றதெல்லாம் பத்திரமாக இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டாள், சொன்னேன். "ஐயா, ஏன் வேண்டாம் எண்டு சொல்லேல்லை?" என்று மெதுவாகக் கேட்டாள்.

டொக்டரும் பார்க்க வந்தார், ஆப்பிளோடு. "நான் அண்டைக்கே சொன்னனான், உந்தச் சாமானுகள் எங்கடை ஊருக்குச் சரிவராது." பாதிக் காலோடு கிடந்த நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம் டொக்டர்."

விசாரணைக் குழு கூடியபோது மட்டும், நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மூலையைத் திறந்தது யார், மின்கலத்தைக் கழற்றியது யார், எல்லாம். தலைவர் பேனையை மூடினார். "பெரியவரை உதுக்குள்ளை ஏன் இழுப்பான்?" என்றார். படலம் சரியாக ஒட்டாததால் கருவி செயலிழந்தது என்று அறிக்கை முடிந்தது. பரிசோதனையை நிறுத்தினார்கள். மேன்முறையீடு எந்த ஒழுங்கில் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளுக்காக நானே எழுதினேன். அது அதே தலைவரின் மேசைக்குத்தான் திரும்பிப் போகும் என்பதும் தெரியும். போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அவள் அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. இந்த வருடம் மழை பிடிக்குமுன் ஒருநாள் புது மாதிரியோடு வந்தாள். கறுத்த பஞ்சு இல்லை. அதற்குப் பதிலாக, நீர் ஓடுவதற்குச் சின்னச் சின்னக் கான்கள் வெட்டிய, கண்ணாடி போன்ற சிலிக்கோன் தகடு. அதை என் மனைவியின் கைமேல் வைத்துக் காட்டினாள். தோலின் ரேகைகூடத் தெரிந்தது.

"இனி ஆர் வந்து கேட்டாலும் காட்டலாம் ஐயா. திறக்கத் தேவையில்லை."

நல்ல யோசனை என்று சொன்னேன், தேநீரும் கொடுத்து அனுப்பினேன். கிணற்று நீரையும் வியர்வையையும் போல, என்னைப் போன்ற ஒருவன் பெரிய மனிதருக்கு முன்னால் வாய் திறக்க மாட்டான் என்பதையும் நிச்சயம் நடக்கப்போகிற ஒன்றாக எடுத்துக்கொண்டு, ஒரு சொல் குறை சொல்லாமல் அவள் அதைச் செய்திருக்கிறாள். இல்லாத விரல்கள் எனக்கு நோவதில்லை, அவள் அப்படிக் கணக்குப் போட்டதுதான் நோகிறது.